செய்ந்நன்றியும் இறைநன்றியும்

நன்றி என்னுஞ் சொல்லை நாம் இன்று வழங்கும் முறை ஒன்று. எம்முன்னோர் வழங்கிய முறை வேறொன்று. இன்று நன்றி என்பது வாயாற் கூறப்படுவது. கூட்டத்தின் முடிவில் நன்றியுரை நிகழ்கின்றது. கடிதத்தின் அடியில் நன்றி எழுதப்படுகின்றது. கடையில் மீதிப் பணத்தை வாங்கும்போதும் அச்சொல் உதிர்கின்றது. ஆனால், திருவள்ளுவர் தமது நூலின் பதினோராம் அதிகாரத்துக்கு இட்ட பெயர் செய்ந்நன்றியறிதல் என்பதாகும். ஆங்கு நன்றி என்பது ஒருவர் மற்றொருவர்க்குச் செய்த நன்மையைக் குறிக்கின்றது. அதனைப் பெற்றவர்க்கு உரிய தொழில் சொல்லுதலன்று, அறிதலாகும். எனக்கு இன்னது செய்யப்பட்டது, இன்னார் செய்தார், அதனைச் செய்வதற்கு அவர் இவ்வளவை இழந்தார் என்று அறிகின்ற அறிவே நன்றியின் முதற்படி. இவ்வறிவு இல்லாதவன் நாள்தோறும் நூறு முறை நன்றி கூறினும் நன்றியுடையவனாகான்.

இந்த வேறுபாட்டை மனத்திற் கொண்டு, நான் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவக் குடும்ப வாழ்வை நோக்கும்போது மூன்று வினாக்கள் எழுகின்றன. கடவுளுக்கு நாள்தோறும் நன்றி செலுத்துகின்ற ஒரு குடும்பம், தன்னுள் ஒருவர்க்கொருவர் பட்டிருக்கும் நன்றியை அறிகின்றதா என்பது முதலாவது வினா. கடமையாகச் செய்யப்படும் ஒன்றுக்கு நன்றி உண்டா என்பது இரண்டாவது. அயலவர் அழிய நாம் பிழைத்த வேளையில் அதற்காகக் கடவுளுக்கு நன்றி கூறுதல் தகுமா என்பது மூன்றாவது. இவற்றுக்கு முடிந்த முடிபாக விடை கூற நான் இறையியலாளன் அல்லன். மெய்யியலைப் பாடமாகப் பயிலும் மாணவன். எனினும், விசுவாசம் என்பது ஆலயத்திற் கேட்கப்படுவது மட்டுமன்றி வீட்டில் வாழப்படுவதும் ஆகையால், வீட்டில் உண்டு வளர்ந்த எவருக்கும் இதுபற்றிச் சிந்திக்கும் உரிமை உண்டென எண்ணுகின்றேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கிறிஸ்தவம் கடந்து வந்த வரலாற்றை நோக்குமிடத்து, அது சில காலங்களில் ஆலயத்தைவிட வீட்டிலேயே உயிர் தரித்தது என்பது புலனாகும். 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அதன்பின் கத்தோலிக்கக் குருமார் இங்கிருத்தல் தடைசெய்யப்பட்டது, ஆலயங்கள் கைம்மாறின. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருவுமின்றிப் பூசையுமின்றி அம்மக்கள் வாழ்ந்தனர். 1687 இற் கோவாவிலிருந்து ஏழைக் கூலியாளின் கோலத்தில் வந்து சேர்ந்த ஜோசப் வாஸ் அடிகளார், வீட்டு வாசல்களில் இரந்து நின்றே தம் மக்களைத் தேடிக் கண்டார். சில்லாலைக் கிராமம் அவருக்குப் புகலிடமாயிற்று. 2015 ஜனவரி 14 ஆம் நாள் கொழும்புக் காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். அடிகளாரின் பெருமை சொல்லி முடியாதது. ஆயினும், அவர் வந்தபோது தேடிக் காண்பதற்கு விசுவாசிகள் எஞ்சியிருந்தனர் அல்லவா? குரு இல்லாத அந்த முப்பது ஆண்டுகளிற் பிள்ளையின் நெற்றியிற் சிலுவை அடையாளமிட்டுச் செபஞ் சொல்லிக்கொடுத்தவர்கள் வீட்டிலிருந்தோரே ஆதல் வேண்டும். அவர்களுக்கு நாமம் இல்லை, திருநாளும் இல்லை.

புரட்டஸ்தாந்து மரபிலும் வீடே நிலைக்களமாயிற்று. 1816 இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையிற் பணி தொடங்கினர். 1823 இல் வட்டுக்கோட்டையிற் செமினறி உருவாயிற்று. அடுத்த ஆண்டே உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை எழுந்தது. கற்ற கிறிஸ்தவ இளைஞருக்கு ஏற்ற இல்லத்துணைவியரை ஆக்கி, கிறிஸ்தவக் குடும்பங்களை இம்மண்ணில் வேரூன்றச் செய்தல் அப்பாடசாலையின் நோக்கங்களுள் ஒன்று. பெண்ணை ஆணுக்குத் துணையாக மட்டும் கண்ட குறை அந்நோக்கத்தில் உண்டு. எனினும், வேதாகமத்தைத் தானே எடுத்து வாசிக்கவல்ல பெண்ணொருத்தி யாழ்ப்பாணத்து வீட்டினுள் அடியெடுத்து வைத்தது அதன் விளைவேயாம். எங்கள் குடும்பம் அம்மரபில் வந்தது.

சண்டிலிப்பாயில் உள்ள எங்கள் வீட்டில் மாலை ஏழு மணிக்கு விறாந்தையிற் பாய் விரிக்கப்படும். அப்பப்பா வேதாகமத்தில் ஓர் அதிகாரத்தை வாசிப்பார். ஒரு கீர்த்தனை பாடப்படும். பின்னர் அவர் செபிப்பார். அவருடைய செபத்திற்கு மாறாத ஓர் ஒழுங்கு இருந்தது. பெய்த மழைக்கும், வற்றாத கிணற்றுக்கும், விளைந்த நெல்லுக்கும், நோயற்ற உடலுக்கும், வெளிநாட்டிலிருந்து கடிதம் எழுதும் பிள்ளைகளுக்கும், இறுதியில் அன்றைய இராச்சாப்பாட்டிற்குமாக அவர் நன்றி கூறுவார். அம்மா அவ்வேளையிற் குசினி வாசலில் நிற்பார். ஒரு கால் விறாந்தையிலும் மறு கால் குசினியிலுமாக அவர் நின்ற நிலை இன்றும் என் கண்முன் நிற்கின்றது. ஆமென் என்ற ஒலி எழுந்ததும் அவர் பிட்டுப் பானையை நோக்கித் திரும்பிவிடுவார். நாங்கள் எல்லோரும் உண்டெழுந்த பின்னரே அவர் உண்பார். அவ்வேளையிற் சட்டியில் மீன் துண்டு எஞ்சியிருந்ததா, வெறுங் குழம்புதான் இருந்ததா என்று நான் ஒருநாளேனும் எட்டிப் பார்த்தவனல்லன்.

நெல்லைத் தந்த கடவுளுக்கு நன்றி கூறப்பட்டது. நெல்லைக் குற்றி, மாவாக்கி, வறுத்து, தேங்காய் துருவி, புகையிலே கண் கலங்கி நின்றவர் அச்செபத்தில் ஒருநாளும் இடம்பெறவில்லை. அப்பப்பா தீய மனிதரல்லர். அம்மாவை அன்புடன் நடத்தியவர். அவருடைய நன்றி வானத்தை நோக்கி எழுந்த வேகத்தில் வாசலைக் கடந்து போயிற்று என்பதே குறை.

பல்கலைக்கழகத்துக்கு வந்து விடுதியிற் குடியேறிய பின்னரே இது எனக்கு உறைத்தது. முதலாம் வருடத்திற் காய்ச்சலுற்றுப் படுத்திருந்த ஓரிரவில், கஞ்சி வைத்துத் தருவார் ஒருவருமின்றி, விளையாட்டுப் போல ஒரு கணக்குப் போட்டேன். நாளொன்றுக்கு மூன்று வேளை, ஆண்டுக்கு 365 நாள், இருபது ஆண்டுகள்: 21,900 வேளை உணவு. ஊர் விட்டிருந்த நாள்களைக் கழித்தாலும் இருபதினாயிரத்துக்குக் குறையாது. அவற்றுள் ஒன்றையேனும் நான் அறிந்து உண்டேனா என்ற வினா அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் பதினேழாம் அதிகாரத்திற் பத்துக் குஷ்டரோகிகளின் கதை வருகின்றது. ஆலயங்களில் அடிக்கடி பேசப்படுவது அது. பத்துப்பேரும் இயேசுவை நோக்கிக் கூவினர். ஆசாரியரிடஞ் சென்று தம்மைக் காட்டும்படி அவர் பணித்தார். போகும் வழியிற் பத்துப்பேரும் சுகமடைந்தனர். ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். அவன் சமாரியன், யூதரால் அந்நியனாகக் கருதப்பட்டவன். மற்றைய ஒன்பதின்மரையும் நன்றிகெட்டோர் என்று நாம் எளிதிற் கூறிவிடுகிறோம். ஆனால், அவர்கள் சொன்னபடியே செய்தவர்கள்; தேவாலயஞ் சென்று கடவுளுக்கு முறைப்படி காணிக்கையும் செலுத்தியிருக்கக்கூடும். அவ்வாறாயின், அவர்கள் விட்ட குறை யாது? நன்மை எந்தக் கையினூடாக வந்ததோ அந்தக் கையை நோக்கி அவர்கள் திரும்பவில்லை. சமாரியனோ உரத்த குரலிற் கடவுளை மகிமைப்படுத்திக்கொண்டே வழிப்போக்கரான அந்தப் போதகரின் காலடியில் வந்து விழுந்தான். கடவுளைப் புகழ்ந்த புகழ்ச்சியே அவனைத் திரும்பி நடக்க வைத்தது. இறைநன்றியும் செய்ந்நன்றியும் அவனிடத்தில் இரண்டாகப் பிரியவில்லை. முதலாவது வினாவுக்கு நான் கண்ட விடை இதுவே: மனிதரைத் தாண்டிக் கடவுளிடம் தாவுகின்ற நன்றி, பாதி வழியில் நின்றுவிட்ட நன்றியாகும்.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். தாய் சமைப்பது அவளுடைய கடமை; தந்தை உழைப்பது அவருடைய கடமை; கடமைக்கு நன்றி எதற்கு? யாழ்ப்பாணத்தில் வீட்டுக்குள் நன்றி சொல்லும் வழக்கம் இல்லை. சொன்னால் அந்நியப்படுத்துவது போலிருக்கும் என்றும் கூறுவர். பின்னைய கூற்றில் உண்மை உண்டு. தாயிடம் நன்றி என்ற சொல்லைக் கூறினால் அவர் சிரிப்பார். அல்லது காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். எனவே இங்கு வேண்டப்படுவது சொல் அன்று. முன்னைய கூற்றே ஆராயத்தக்கது.

உரோமானிய மெய்யியலாளர் செனெக்கா நன்மைகளைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் புத்தகத்தில் இவ்வினாவை எடுத்துக்கொள்கின்றார். அக்காலத்தார் சிலர் மூன்று வகை வகுத்தனர். அந்நியர் செய்வது நன்மை; மகனும் மனைவியும் போன்ற உறவினர் செய்வது கடமை; அடிமை செய்வது வெறும் ஊழியம். இவ்வகுப்பின்படி அடிமையினாலே தலைவனுக்கு நன்மை செய்தல் இயலாது. ஆகவே தலைவன் நன்றிப்படுவதற்கும் இடமில்லை. செனெக்கா இதனை மறுக்கின்றார். செய்பவரின் நிலை எதுவாயினும், செய்த மனமே நன்மையை நன்மையாக்குவது. அடிமைக்கும் மனம் உண்டு, ஆகவே அவனும் நன்மை செய்யவல்லவன் என்பது அவர் கருத்து. பயனை எடைபோடாது செய்யப்படும் உதவி கடலினும் பெரிதென வள்ளுவர் கருதினார். வீட்டில் நடப்பவை பெரும்பாலும் அவ்வாறு எடைபோடாது செய்யப்படுபவையே.

இதனினும் நுட்பமான விடையொன்று லூக்காவின் அதே அதிகாரத்தில், குஷ்டரோகிகளின் கதைக்கு முன்னால், இருக்கின்றது. வயலில் உழுதுவிட்டு வந்த வேலைக்காரனுக்குத் தலைவன் நன்றி கூறுவானோ என்று இயேசு கேட்கின்றார். கட்டளையிடப்பட்டவற்றையெல்லாம் செய்து முடித்த பின்னும், நாம் கடமையைத்தான் செய்தோம் என்று சொல்லும்படி சீடருக்குப் போதிக்கின்றார். இவ்விரு பகுதிகளும் ஒன்றோடொன்று முரணுவனபோற் தோன்றலாம். ஒன்று நன்றியை எதிர்பாராதே என்கின்றது. மற்றது நன்றி செலுத்தத் திரும்பி வராதவர் எங்கே என்று வினவுகின்றது. ஊன்றி நோக்கின் முரண்பாடில்லை. கடமை என்ற சொல் செய்தவரின் வாய்க்கு உரியது. பெற்றவரின் வாய்க்கு உரியதன்று. செய்தவர் அதனைச் சொல்லும்போது அது பணிவு. பெற்றவர் அதனைச் சொல்லும்போது அது நன்றிகேடு. சொல் ஒன்றுதான், சொல்பவர் இடம் மாறும்போது அறம் மாறுகின்றது. எங்கள் வீடுகளில் இது தலைகீழாகவே வழங்கி வருகின்றது. தாய் வாய் திறவாதிருக்க, அவர் செய்வது கடமை என்று மற்றையோர் கூறிக்கொண்டிருக்கின்றனர்.

நன்றி அறிவு என்றால், அவ்வறிவு குசினி வாசலோடும் நின்றுவிட முடியாது. நெல்லை விளைவித்தவர் யார், வெங்காயத் தறைக்குத் தண்ணீர் இறைத்தவர் யார், வேலியை அடைத்தவர் யார் என்று அது பின்னோக்கி நடக்கும். அவ்வாறு நடக்கின், யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ வீடுகள் தலைகுனிய வேண்டிய ஓரிடத்தை அடையும். வீட்டாருக்கு மூக்குப்பேணியிலும் வயலில் உழைத்தவருக்குச் சிரட்டையிலும் தேநீர் வார்க்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. ஒரே கர்த்தரின் பந்தியில் அமர்ந்தவர்களின் வீடுகளிலும் அது இருந்தது. அவ்வீடுகளிலும் மாலையிற் பாய் விரிக்கப்பட்டது. விளைச்சலுக்காக நன்றி கூறப்பட்டது. விளைவித்தவர் முற்றத்தில் நின்றார். அந்தச் செபங்களை எண்ணும்போது நன்றியறிதல் பாவவறிக்கையாக மாறாமல் மேலே செல்ல இயலாது என்று தோன்றுகின்றது.

எங்கள் வீட்டிற் பழைய மரபுகள் யாவும் குறையுள்ளனவே என்று நான் கூற வரவில்லை. அப்பம்மா சோற்றுக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம், சுளகிற் கொட்டிய அரிசியிலிருந்து ஒரு பிடியை அள்ளித் தனியே ஒரு பேணியில் இடுவார். பிடியரிசி என்று அதற்குப் பெயர். மிஷன் காலந்தொட்டு எங்கள் பகுதித் திருச்சபைப் பெண்கள் பேணி வந்த வழக்கம் அது. பேணி நிறைந்ததும் ஆலயத்திற்குச் செல்லும். கையிற் பணமில்லாத பெண்கள், கணவரைக் கேளாமல், தம் கைக்குள் அடங்கிய ஒன்றைத் தாமே எடுத்துக் கொடுத்த காணிக்கை அது. அந்த ஒரு பிடி யாருடைய பங்கிலிருந்து குறைந்தது என்று சிந்தித்தல் வேண்டும். வீட்டார் எல்லோரும் வயிறார உண்டனர். கடைசியில் உண்பவரின் கோப்பையிலேயே அந்தப் பிடி குறைந்தது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, அப்பம்மாவும் நடந்தார். சாவகச்சேரியில் யாரோ ஒருவரின் விறாந்தையில், நிவாரணமாகக் கிடைத்த அரிசியிலும் அவர் ஒரு பிடியை எடுத்து வைத்தார் என்று அப்பா கூறுவார். ஆலயம் எது, எப்போது திரும்புவோம் என்று தெரியாத நிலையில் அந்த அரிசி எங்கே சென்றது என்று கேட்டேன். அடுத்த விறாந்தையில் இருந்த கைக்குழந்தைக்காரிக்குச் சென்றது என்றார்.

இனி மூன்றாவது வினாவுக்கு வருகின்றேன். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

1995 ஜூலை 9 ஆம் நாள், வலிகாமத்தில் இராணுவ நடவடிக்கை தொடங்கியதும், எங்கள் ஊர் மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். பலர் நவாலியை நோக்கிச் சென்றனர். எங்கள் குடும்பமும் அயல் வீட்டுக் குடும்பமும் ஒன்றாகவே புறப்பட்டன. அப்பாவுக்கு அப்போது பதினேழு வயது. மானிப்பாய்க்கு அண்மையிற் சைக்கிளின் சில்லுக் காற்றுப் போயிற்று. பூட்டியைப் பின்னாலிருத்தி உருட்டி வந்த சைக்கிள் அது. அவரால் நடக்க இயலாது. அயலவர் முன்னே சென்றனர். எங்களவர் உறவினர் ஒருவரின் வீட்டில் ஒதுங்கினர். அன்று நவாலி சென். பீற்றர்ஸ் தேவாலயத்திலும் அதன் சுற்றாடலிலும் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது விமானப்படையின் குண்டுகள் வீழ்ந்தன. குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அயல் வீட்டுப் பிள்ளைகள் இருவரும் அவர்களுள் அடங்குவர்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 9 ஆம் நாள் மாலைச் செபத்தில் அப்பப்பா, எங்கள் குடும்பத்தை அன்று காத்தமைக்காகக் கடவுளுக்கு நன்றி கூறுவார். எல்லோரும் ஆமென் என்போம். அப்பம்மா மட்டும் சொல்லமாட்டார். சிறுவயதில் நான் இதனைக் கவனிக்கவில்லை. பதினைந்து வயதிற் கவனித்தேன். மறுநாட் காலை கிணற்றடியில் வைத்துக் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "பக்கத்து வீட்டுப் பிள்ளையளை ஆண்டவருக்குத் தெரியாதோ, தம்பி?" என்றார். வேறொன்றும் கூறவில்லை.

பல நூல்கள் தராத தெளிவை அவ்வொரு வினா எனக்குத் தந்தது. கடவுள் எங்களைத் தெரிந்தெடுத்துக் காத்தார் என்று நன்றி கூறினால், மற்றையோரைத் தெரிந்தெடுத்துக் கைவிட்டார் என்பதும் அந்நன்றியுள் அடங்கிவிடுகின்றது. அவ்வாறான நன்றி இறந்தோருக்கு இழைக்கும் அவமதிப்பு. கடவுளின் நீதிக்கும் அவதூறு. அதே வேளையில், பிழைத்திருப்பதை ஒரு பொருட்டாகவே எண்ணாதிருப்பதும் இயலாது. அப்பா பிழைத்ததனால் அன்றோ நான் பிறந்தேன்? அப்பம்மா ஆமென் சொல்லவில்லை. ஆனால் செபத்திலிருந்து எழுந்து போகவுமில்லை. அன்றைய தினம் அவர் பிடியரிசியை இரண்டு பிடியாக எடுப்பார். அந்த இரண்டாம் பிடி எதற்கென்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதலாம் நிருபத்திற் பவுல் அப்போஸ்தலன் எல்லாச் சூழ்நிலைகளிலும் நன்றி செலுத்தும்படி கூறுகின்றார். எல்லாவற்றிலும் என்பதற்கும் எல்லாவற்றிற்காகவும் என்பதற்கும் இடையே ஒரு வேற்றுமையுருபே பேதம். ஆயின், அவ்வுருபு பெரியது. எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் எல்லாவற்றிற்காகவும் என்ற பொருள்படும் வாசகமும் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. ஆனால், ஒரு வாசகத்தை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதற்குச் சுவிசேஷங்களே வழிகாட்டுகின்றன. இயேசு தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட இரவிலே அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தினார். நற்கருணை எனக் கத்தோலிக்கர் தமிழில் வழங்கும் திருவிருந்துக்குரிய கிரேக்கச் சொல்லே நன்றி செலுத்துதல் என்னும் பொருளுடையது. அந்த இரவில் அவர் எதற்காக நன்றி செலுத்தினார்? யூதாசின் வஞ்சகத்திற்காக அன்று; வரப்போகும் சிலுவை மரணம் நல்லதென்றும் அன்று. அதே இரவிற் கெத்செமனே தோட்டத்தில், இயலுமாயின் அந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்கவேண்டும் என்று வியர்வை சிந்த மன்றாடினார். கையிலிருந்த அப்பத்துக்கே அவர் நன்றி செலுத்தினார். அதனைப் பிட்டுக் கூட இருந்தோருக்குக் கொடுத்தார். தீமையின் நடுவே நன்மையை அறிவதும், அறிந்ததைப் பகிர்வதுமே அந்த இரவின் நன்றி. தீமையை நன்மை என்று பெயர் மாற்றும் வேலையை அது செய்யவில்லை.

இந்நோக்கில், அப்பம்மாவின் மௌனமும் இரண்டாம் பிடியரிசியும் அப்பப்பாவின் உரத்த செபத்தைவிட அந்த இரவுக்கு அண்மையில் நின்றன என்று கருதுகின்றேன். அப்பப்பாவை நான் குறை கூறவில்லை. தன் பிள்ளைகளின் உயிரைக் கண்முன் கண்ட தகப்பனுக்கு வேறு சொல் வாய்த்திராது.

நன்றியைப் போதிப்பது எளியோரை அடங்கியிருக்கச் செய்வதற்கான தந்திரம் என்று கூறுவோரும் உளர். இக்கூற்றைப் புறந்தள்ளுதல் ஆகாது. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோருட் பலர் கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தம் காணிகளைக் காணாது வாழ்ந்தனர். மயிலிட்டித் துறைமுகம் 2017 இலேயே மக்களிடம் மீண்டது. தகரக் கூரை கிடைத்ததற்கு நன்றி கூறுங்கள் என்று அவர்களுக்கு உபதேசிப்பது கொடுமை. ஆனால், நன்றியை அறிவு என்று கொள்வோமாயின் இத்தடை தானே நீங்கும். கொடுக்கப்பட்டது எது, பறிக்கப்பட்டது எது என்று வேறுபடுத்தி அறிவதும் அவ்வறிவின் பாற்பட்டதே. பறித்ததைத் திருப்பித் தருதல் கொடையன்று. ஆகவே அதற்கு நன்றிக்கடன் இல்லை. விறாந்தையில் இடந்தந்த சாவகச்சேரிக்காரருக்கு நன்றி உண்டு; வீட்டைவிட்டு எழுப்பியவருக்கு இல்லை. வீட்டுக்குள்ளும் இவ்விதியே பொருந்தும். நன்றியை அறிந்த மகன் தாயைக் குசினியிலேயே நிறுத்திப் புகழ்பாடமாட்டான். துருவலையைத் தானும் எடுப்பான்.

இவ்வறிவு கிறிஸ்தவருக்கு மட்டும் உரியதன்று. தைப்பொங்கலன்று எங்கள் அயலார் புது நெல்லின் முதற் பங்கைக் கதிரவனுக்குப் படைத்து, மறுநாள் உழுத மாட்டுக்கு மாலையிடுவதைக் கண்டு வளர்ந்தவன் நான். உழைத்த விலங்குக்கும் ஒரு நாளை ஒதுக்கிய மரபு அது. தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு 1947 இல் முதற் பேராயரான சபாபதி குலேந்திரன், கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருள் என்னும் கோட்பாட்டை ஒப்புநோக்கி எழுதிய ஆங்கில நூல் 1964 இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்து மண்ணில் நின்று அவ்வாராய்ச்சியை ஒருவர் செய்தது தற்செயலன்று. தகுதி நோக்காது பொழியப்படுவது அருள் என்றால், அதனைப் பெறுவோர் அறியவேண்டியதும் தம் தகுதியின்மையையே. எங்களுக்கு மட்டும் தரப்பட்டது என்று பெருமை பாராட்டும் கணத்தில் அது அருளாக இல்லாது போகின்றது.

கடந்த விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தேன். அப்பப்பாவும் அப்பம்மாவும் இப்போது இல்லை, அப்பாவே செபிக்கின்றார். செபந் தொடங்குமுன், அம்மாவும் வந்து பாயில் அமரட்டும் என்று கேட்டேன். "சோறு ஆறப்போகுது, தம்பி" என்றார் அம்மா. ஆறட்டும் என்றார் அப்பா. அவர் வழக்கம்போல மழைக்கும் கிணற்றுக்கும் நெல்லுக்கும் நன்றி கூறினார். பின்னர் சிறிது தயங்கி, சமைத்தவரையும், நெல்லை வெட்டித் தந்தவரையும், அன்று நவாலிக்கு முன்னே சென்ற இரு பிள்ளைகளையும் பெயர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்புவித்தார். காத்தீர் என்ற சொல் அச்செபத்தில் இடம்பெறவில்லை. ஆமென் என்றபின் ஒருவரும் உடனே எழவில்லை. "சொதிக்கு உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு" என்று அம்மாதான் முதலிற் பேசினார். அன்று அவர் எங்களுடன் இருந்து உண்டார். மறுநாள் பழையபடி குசினி வாசலில் நின்றார். நான் போய் அழைத்து வந்தேன்.

இருபது ஆண்டுக்கால அறியாமை ஒரு விடுமுறையிற் தீர்ந்துவிடாது. ஆயினும், நம்முள் ஒவ்வொருவரும் அடுத்த முறை வீடு செல்லும்போது, உண்ண அமருமுன் ஒரு கணம் நிமிர்ந்து, பாயிற் காணாமற் போயிருப்பவர் யார் என்று பார்த்தல் இயலும். கடவுளுக்குச் செலுத்தும் நன்றி அங்கிருந்து தொடங்கட்டும்.